பெயரில்லா ஃபோர்க்கு உறுப்புகளை அறியும் முறை

தமிழ் பயில்வார்க்குப் பெயரிழந்த பொருள் புதியதன்று. குறுந்தொகை பாடிய சான்றோருட் சிலர்க்கு இயற்பெயர் இன்னதென்று அறியக்கூடவில்லை. அவர்தம் பாட்டினுள் அமைந்த அருந்தொடர்களே அவர்க்குப் பெயராயின. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் இவ்வாறு தோன்றியனவே. முதலும் இறுதியும் சிதைந்த ஏடு ஒன்று கைக்கு வருமாயின், அஃது எந்நூலின் பகுதி என்று துணிதற்கு யாப்பு, சொல்லாட்சி, பொருட்போக்கு, ஏட்டின் நீள அகலம், எழுத்தின் வடிவு முதலாய பல சான்றுகளை ஒப்புநோக்க வேண்டும் என்று வகுப்பில் யாம் கேட்டிருக்கின்றோம். அம்முறை இரும்புக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையிலேதான் கற்றுக்கொண்டோம்.

எம் இல்லத்தின் பின்கட்டில், எம் பாட்டனார் ஓட்டிய பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று பல்லாண்டுகளாகச் சாக்குப் போர்த்துக் கிடந்தது. லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் எம் தமையனார் அதனை மீண்டும் ஓடச் செய்ய விரும்பினார். இயந்திரம் எளிதில் உயிர்பெற்றது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வலப்புறக் குழல் மட்டும் துருவரித்துக் குழிகள் விழுந்து பயனற்றிருந்தது. அண்ணன் பழைய இரும்புக்கடை ஒன்றிலிருந்து வேறொரு குழலை வாங்கி வந்தார். அதன்மேல் எழுத்தோ எண்ணோ முத்திரையோ யாதும் இல்லை. ‘இது அந்த வண்டியின் குழலே, ஐயப்பட வேண்டா’ என்பது கடைக்காரர் வாய்மொழி. நீளமும் பருமனும் கண்ணுக்கு ஒத்தே இருந்தன.

இரவில் விளக்குப் பிடிக்க யாம் சென்றோம். குழலின் தலையில் இறங்கும் மேல்மூடி மூன்று சுற்று எளிதாகச் சென்றது. நான்காம் சுற்றில் இறுகி நின்றுவிட்டது. அண்ணன் நீண்ட ஸ்பானரை எடுத்தார். சற்றுநேரம் கையில் வைத்திருந்தார். பின்னர்க் கீழே வைத்துவிட்டார். ‘இது இறங்காது தம்பி, இறக்கவும் கூடாது’ என்றார். அப்படியாயின் அக்குழல் யாருடையது? இவ்வினாவிற்கு விடை தேடுங்கால் யாம் அறிந்தனவே இக்கட்டுரையின் பொருளாம்.

இஃது ஒரு பெரிய வினாவோ என்று நகைப்பாரும் உளர். முன்ஃபோர்க்கு வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றது, வழியைத் திருப்புகின்றது, மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றது, முன்சக்கரத்தில் பிரேக்கு இடும்பொழுது முன்னோக்கிச் சாயும் பாரத்தையும் தானே ஏற்கின்றது. இயந்திரத்தில் ஒவ்வாத உறுப்பு ஒன்றைப் பொருத்தினால் பெரும்பாலும் வண்டி நிற்கும். ஃபோர்க்கில் பொருத்தினால் ஓட்டுபவர் விழுவர். ஏட்டில் நேர்ந்த பிழையை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். இப்பிழைக்கு அடுத்த பதிப்பு இல்லை.

உறுப்புகள் பெயரிழக்கும் காரணம்

உற்பத்தி செய்வோர் ஒவ்வொரு குழலிலும் ஒவ்வொரு சுருள்வில்லிலும் எண் பொறிப்பதில்லை. எண் என்பது உறுப்புப் பட்டியல் நூலிலும், உறுப்பைச் சுற்றிய தாளிலும், அதிற் கட்டிய அட்டையிலும் இருப்பது. தாள் கிழிந்த அன்றே பெயரும் போயிற்று. பொறித்த எண் சில இருப்பினும், தேய்ந்த குழலைச் சாணை பிடித்து மீண்டும் முலாம் பூசுங்கால் அவை அழிந்துவிடும். வார்ப்பிரும்பின்மேற் காணும் எண்ணோ பல வேளைகளில் வார்ப்பச்சின் எண்ணேயன்றி உறுப்பின் எண் அன்று. அதனைப் பட்டியலில் தேடுவார் ஏமாறுவர்.

இன்னும் ஒன்றுண்டு. வண்டி செய்தவரே ஃபோர்க்கும் செய்தார் என்பது விதியன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரிட்டனில் வெப், ட்ரூயிட், பிராம்ப்டன் என்னும் பெயர்களில் ஃபோர்க்குகள் தனியே செய்யப்பெற்றுப் பல வண்டிகளுக்குச் சென்றன. போருக்குப் பின் வந்த வின்சென்ட் பி வரிசை வண்டிகளிலும் பிராம்ப்டன் ஃபோர்க்கே இருந்தது. நார்ட்டன் வண்டிகளுக்குரிய ரோடுஹோல்டர் ஃபோர்க்கு, 1964ஆம் ஆண்டில் அதே உரிமையாளரின்கீழ் இருந்த மாட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ். வண்டிகளிலும் இடம்பெற்றது. ஆதலின் ‘இது யாருடையது?’ என்னும் வினாவிற்குச் செய்தவர் பெயர் ஒரு விடை. தாங்கிய வண்டியின் பெயர் மற்றொரு விடை. பாட்டினைப் பாடியவர் ஒருவர், தொகுத்தவர் ஒருவர் என இருப்பது போன்றது இது. இரண்டையும் குழப்புதல் ஆகாது.

இனி உறுப்பினிடமிருந்தே நாம் பெறக்கூடிய சான்றுகளை முறையே காண்போம்.

1. வகை

முதற்கண் உறுப்பு எவ்வகை ஃபோர்க்கினது என்று காணல் வேண்டும். வகை பெரும்பான்மையும் மூன்று.

முதலாவது கர்டர் ஃபோர்க்கு. இதில் சக்கரத்தின் இருபுறமும் நீண்ட சட்டங்கள் நிற்கும். அச்சட்டங்களை வண்டியின் தலைப்பகுதியோடு குறுந்தகடுகள் கீல்போல் இணைக்கும். சட்டம் மேலும் கீழும் அசைய, நடுவில் உள்ள பெருஞ்சுருள்வில் அதிர்ச்சியை ஏற்கும். சிலவற்றில் வில் இருபக்கமும் இருக்கும். உதிரியாகக் கிடைக்கும்பொழுது இவற்றின் அடையாளம் தெளிவானது. நடுவிற் பருத்து முனைகளிற் சிறுத்த பீப்பாய் வடிவான வில், நுனியை நோக்கிக் கூம்பிச் செல்லும் குழல், இரு துளையுடைய குறுந்தகடு, உராய்வினால் அசைவை அடக்கும் வட்டத்தட்டுகள் ஆகியன கர்டர் வகையினவென்று பெரும்பாலும் துணியலாம்.

இரண்டாவது, ஃபோர்க்கின் அடியிற் கீலமைந்த கைகளாற் சக்கரத்தைத் தாங்கும் வகை. ஹார்லி டேவிட்சனின் பெருவண்டிகள் 1948 வரை இவ்வகையின் ஒரு வடிவையே கொண்டிருந்தன. 1949ஆம் ஆண்டில் ஹைட்ரா கிளைடு என்னும் வண்டி குழல் ஃபோர்க்கோடு வந்தது. கீல் சக்கரத்தின் பின்னே அமைந்த நீண்ட கையுடைய வடிவு ஏர்ல்ஸ் ஃபோர்க்கு எனப்படும். பி.எம்.டபிள்யூ. வண்டிகள் 1955 முதல் 1969 வரை அதனைக் கொண்டிருந்தன. நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய பழைய ராஜ்தூத் 175 வண்டியிலும் இவ்வகையின் சாயலைக் கண்டவர் பலர்.

மூன்றாவது, ஒரு குழலுள் மற்றொரு குழல் சென்றுவரும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கு. 1908ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்காட் வண்டியிலேயே இதன் முன்னோடி இருந்தது. எனினும் எண்ணெயால் அசைவை அடக்கும் முறையோடு விற்பனைக்கு வந்தவற்றுள் முதலாவன 1935ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. ஆர்12, ஆர்17 என்பனவாம். பிரிட்டிஷ் படைக்காக 1941இல் வந்த மாட்ச்லெஸ் ஜி3எல் வண்டியின் டெலட்ராலிக் ஃபோர்க்கு அந்நாட்டில் இவ்வகைக்கு வழி திறந்தது. இதன் உறுப்புகள் மெருகேறிய உட்குழல், சக்கரத்தின் அச்சைப் பிடிக்கும் வெளிக்குழல், இடையே உராய்வைத் தாங்கும் புஷ், எண்ணெய் கசியாது காக்கும் ஆயில் சீல், நீண்டு மெலிந்த சுருள்வில், இரு உட்குழல்களையும் சேர்த்துப் பிடிக்கும் மேற்பாலம், கீழ்ப்பாலம் என்பனவாம்.

எண்ணெய் அடக்கி இருந்தால் அது டெலஸ்கோப்பிக் வகையே என்று விரைந்து முடிவு செய்தலும் தவறு. 1948ஆம் ஆண்டில் வின்சென்ட் சி வரிசையில் வந்த கர்ட்ராலிக் ஃபோர்க்கு கர்டர் வகையதாயினும் எண்ணெய் அடக்கி உடையது. ஓர் அடையாளத்தை மட்டும் நம்புதல் எத்துணை இடர் என்பதற்கு இதுவே சான்று.

2. பருமன்

வகை தெரிந்தபின் பருமனை அளத்தல் வேண்டும். சாதாரண அளவுகோல் இதற்குப் போதாது. வெர்னியரோ, அதனினும் நுண்ணிய மைக்ரோமீட்டரோ வேண்டும். அளவு அங்குலப் பின்னத்திற்கு நெருங்கினால் பிரிட்டன் அல்லது அமெரிக்கா, மில்லிமீட்டர் முழு எண்ணுக்கு நெருங்கினால் ஐரோப்பாக் கண்டம் அல்லது ஜப்பான் என்று முதலிற் கொள்ளலாம். எனினும் ஈண்டு ஒரு பெரும்பொறி உள்ளது.

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எனவே 1⅜ அங்குலம் 34.925 மில்லிமீட்டர் ஆகும். 35 மில்லிமீட்டர்க் குழலோ பல வண்டிகளில் வழங்கியது. 1969ஆம் ஆண்டில் வந்த ஹோண்டா சி.பி.750 வண்டியின் உட்குழல் அவ்வளவினதே. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை 0.075 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு தாளின் தடிப்புக்கு ஏறக்குறைய ஒக்கும். 35 மில்லிமீட்டர்க் குழல் சிறிது தேய்ந்தால் 1⅜ அங்குலமாகக் காட்சியளிக்கும். 1⅜ அங்குலக் குழலுக்கு முலாம் தடிப்பாக ஏறினால் 35 மில்லிமீட்டராகக் காட்சியளிக்கும். ஆதலின் பருமனைத் தேய்வுறாத இடத்தில் அளத்தல் வேண்டும். பாலத்தின் பிடிக்குள் மறைந்து கிடந்த பகுதி அத்தகையது. பல இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளலும் வேண்டும்.

3. மரை

பருமன் மயக்குமிடத்து மரை பேசும். செய்யுளுக்கு யாப்பு எவ்வாறோ இரும்புக்கு மரை அவ்வாறு. ஓசை வேறுபட்ட அடியைப் பிறர் செய்யுளில் இடையே செருகினால் தளை தட்டுமன்றோ? அதுபோல ஒவ்வாத மரையும் தட்டும்.

⅜ அங்குலப் போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குல நீளத்தில் 16 மரை இருந்தால் அது விட்வொர்த்து முறை. 20 இருந்தால் பிரிட்டிஷ் நுண்மரை. 24 இருந்தால் அமெரிக்க நுண்மரை, அஃதாவது 1949ஆம் ஆண்டளவில் பிரிட்டனும் கனடாவும் அமெரிக்காவோடு ஒப்புக்கொண்ட பொதுமுறையின் நுண்மரை. 26 இருந்தால் சைக்கிள் மரை. பருமன் ஒன்றேயாயினும் மரை நான்கு. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் தொழிலிலிருந்து பிறந்தமையால் 26 மரை அவற்றிற் பெரிதும் பயின்றுவரும். மரைப் பள்ளத்தின் கோணமும் வேறுபடும். விட்வொர்த்து மரைக்கும் பிரிட்டிஷ் நுண்மரைக்கும் 55 பாகை. சைக்கிள் மரைக்கும் அமெரிக்க மரைக்கும் மில்லிமீட்டர் மரைக்கும் 60 பாகை.

இங்கும் முன்போன்றதொரு பொறி உண்டு. அங்குலத்திற்கு 26 மரை எனின் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.977 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் இடைவெளியுடைய மரையோடு இதனை ஒப்பிட்டால், ஒரு சுற்றுக்கு வேற்றுமை 0.023 மில்லிமீட்டரே. முதற் சுற்றில் அது தோன்றாது. இரண்டாம் சுற்றிலும் தோன்றாது. சுற்றுதோறும் வேற்றுமை சேர்ந்து சேர்ந்து, இடைவெளித் தளர்ச்சி முடிந்தவிடத்து இறுகிவிடும். எம் மேல்மூடி நான்காம் சுற்றில் நின்றதன் காரணம் இப்பொழுது விளங்கும். வலிந்து முறுக்கியிருந்தால் மூடி இறங்கியே இருக்கும். ஆனால் மரை உள்ளே நசுங்கியிருக்கும். வெளியே நின்று பார்ப்பார்க்கு எல்லாம் செவ்வையாகவே தோன்றும், பிடிப்போ இராது.

மரையை எண்ணுதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பற்கள் வெட்டிய சிறுதகடுகளின் கட்டு ஒன்று எந்த லேத்துப் பட்டறையிலும் இருக்கும். தகட்டின் பல்லை மரையில் வைத்து விளக்கின் எதிரே பிடித்தால், இடையில் ஒளி கசியாதது எதுவோ அதுவே அம்மரை. இரண்டு மூன்று பல் மட்டும் பொருந்துவதைக் கொண்டு முடிவு செய்யாது, தகட்டின் முழுநீளமும் பொருந்துகின்றதா என்று காணல் வேண்டும்.

4. தலைப்பிடி

உட்குழலின் தலை மேற்பாலத்தில் எவ்வாறு நிற்கின்றது என்பது நான்காவது சான்று. பி.எஸ்.ஏ., டிரையம்ப் முதலிய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் குழலின் தலை சிறிது கூம்பியிருக்கும். மேல்மூடியை முறுக்குங்கால் அக்கூம்பு பாலத்தின் துளைக்குள் இழுபட்டு இறுகும். ஜப்பானிய வண்டிகளிற் பெரும்பான்மையும் குழல் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக நிற்க, மேற்பாலமும் கீழ்ப்பாலமும் போல்ட்டினால் அதனைக் கவ்வும். ராயல் என்ஃபீல்டு புல்லட்டில், 1954ஆம் ஆண்டில் வந்த விளக்குக்கூட்டோடு கூடிய அமைப்பில், குழலின் தலை அக்கூட்டினுள்ளேயே மரையால் ஏறி நிற்கும். ஆகவே தலையைப் பார்த்த அளவிலேயே பல பெயர்களை நீக்கிவிடலாம்.

கூம்புடைய குழலாயின், கூம்பின் சரிவும் ஒத்திருக்க வேண்டும். இதனைக் கண்ணால் அறிதல் அரிது. கூம்பின்மேல் நீலமை மெல்லியதாகப் பூசி, பாலத்துள் வைத்துச் சிறிது திருப்பி எடுத்தால், தொட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். சுற்றிலும் ஒப்ப அழிந்திருப்பின் பொருந்திற்று. விளிம்பில் மட்டும் வளையமாக அழிந்திருப்பின் அக்குழல் அப்பாலத்திற்குரியதன்று.

5. செய்பொருளும் சுருள்வில்லும்

கர்டர் வகையில், குழல்கள் உலையடித்த இணைப்புகளிற் பித்தளையால் பற்றவைக்கப்பட்டிருக்கும். பெயின்டைச் சிறிது சுரண்டினால் மஞ்சட்கோடு தோன்றும். அவ்விடத்துப் பிற்காலத்து மின்வெல்டிங் காணப்படின், உறுப்பு ஒருகாலத்தில் முறிந்து ஒட்டப்பட்டது என்றறிந்து விலகுதல் நலம்.

சுருள்வில்லை அளக்குங்கால் நீளத்தைப் பெரிதும் நம்பலாகாது. ஆண்டுக்கணக்காகப் பாரந்தாங்கிய வில் குறுகிவிடும். கம்பியின் தடிப்பும் சுற்றுகளின் தொகையும் அங்ஙனம் மாறுவன அல்ல. கம்பித் தடிப்பில் நேரும் சிறு வேற்றுமையும் பெரிய விளைவைத் தரும். என்னை? வில்லின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பிற அளவுகள் ஒத்திருக்க, 4.5 மில்லிமீட்டர்க் கம்பியினும் 5 மில்லிமீட்டர்க் கம்பி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்புடையது. இடக்காலில் ஒன்றும் வலக்காலில் மற்றொன்றுமாகப் பொருத்தினால் இரு கால்களும் ஒத்து இயங்குமாறில்லை.

6. தழும்பு

எமக்கு மிகுந்த வியப்பளித்தது இச்சான்றே. பயன்பட்ட உறுப்பு தன் வரலாற்றைத் தன் மேனியிலேயே எழுதிவைத்திருக்கின்றது. புஷ் சென்றுவந்த இடம் மெருகேறிய பட்டையாகத் தெரியும். ஆயில் சீலுக்கு மேல் வெயிலும் மழையும் பட்ட இடத்தில் துருப்புள்ளிகள் இருக்கும். பாலங்கள் கவ்விய இடத்தில் நிறம் வேறுபட்ட வளையங்கள் நிற்கும். அவ்வளையங்களின் இடைத்தூரத்தை அளந்தால், அக்குழல் முன்பு வாழ்ந்த வண்டியின் இரு பாலங்களுக்கும் இடையே இருந்த தூரம் கிடைத்துவிடும். எண் அழிந்தபின்னும் இவ்வளவு அழிவதில்லை.

வெளிக்குழலில் பிரேக்குத் தட்டைத் தடுத்து நிறுத்தும் மேடோ பள்ளமோ ஒருபுறத்துக் காலில் மட்டும் இருக்கும். அது வலப்புறமா இடப்புறமா, அச்சின் பிடி முழுவளையமா பிளந்த மூடியா, மட்கார்டுக் கம்பிக்குரிய துளைகள் எத்தனை என்பனவும் உறவினரை அடையாளம் காட்டும். தனித்த உறுப்பை மட்டும் நோக்காது அஃது எவ்வெவற்றோடு இணைந்து நின்றிருக்கும் என்று நோக்குதல், பாட்டைத் திணையும் துறையும் கொண்டு நோக்குதல் போல்வது.

7. வாய்மொழி

இறுதியாக, விற்றவரும் பழகியவரும் சொல்லும் சொல். இதனைப் புறக்கணிக்கலாகாது. எந்த வண்டி உடைக்கப்பட்டபோது வந்தது, உடன் வந்த உறுப்புகள் யாவை என்று கேட்டறிதல் பெரும் பயன் தரும். எனினும் வாய்மொழிக்கு ஓர் இயல்பு உண்டு. புகழ்பெற்ற பெயர் பெயரில்லாப் பொருளையெல்லாம் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். தமிழுலகில் ஔவையார் பெயரால் வழங்கும் பாட்டுகள் எத்துணை! சங்கப் பாட்டும் பிற்கால நீதிநூலும் ஒரே பாட்டியின் வாக்காகவே ஊரார் நெஞ்சில் வாழ்கின்றன. ஒரே பெயருடைய புலவர் பலர் வெவ்வேறு காலத்தில் இருந்தனர் என்று ஆராய்ச்சியாளர் மொழியையும் யாப்பையும் கொண்டு தெளிந்தனர்.

நம் நாட்டில் அத்தகைய புகழ்ப்பெயர் புல்லட்டு என்பது. பழைய இரும்புக்கடையில் தடித்த ஃபோர்க்குக் குழல் எதைக் கண்டாலும் ‘புல்லட்டினது’ என்னும் சொல் நாவில் முந்தி வரும். அதற்குக் காரணமும் உண்டு. 1949ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் ரெட்டிச்சு நகரில் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு செய்யப்பெற்ற அவ்வண்டிக்காக, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. முதலிற் கடல்கடந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் தொகுத்தனர். பின்னர் உறுப்புகளையும் ஈண்டே செய்தனர். ரெட்டிச்சுத் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் வேலை நின்றிலது. ஆகவே நம் ஊர்களில் அக்குழல்கள் மிகுதி. மிகுதியாக இருப்பது எதுவோ, அதன் பெயரே அறியாப் பொருளுக்கும் வந்து சேரும். மிகுதி என்பது நிகழக்கூடும் என்று காட்டுமேயன்றி, நிகழ்ந்தது என்று காட்டாது.

8. துணியும் முறை

சான்றுகளைத் திரட்டியபின் அவற்றை எவ்வாறு எடைபோடுவது? எண்ணிக்கையால் அன்று என்பதே யாம் கண்ட முடிபு. நீளம் ஒத்தது, பருமன் ஒத்தது, நிறம் ஒத்தது, விற்றவர் சொல்லும் ஒத்தது என நான்கு ஒப்புமைகளை அடுக்கினாலும், மரை ஒவ்வாது என்னும் ஒன்று அந்நான்கையும் வீழ்த்தும். ஒத்திருத்தல் தற்செயலாகவும் நிகழும். ஒவ்வாமைக்குக் காரணம் காட்டியே தீரவேண்டும். அன்றியும், சான்றுகள் ஒன்றையொன்று சாராதனவாக இருத்தல் வேண்டும். ஒரு கடைக்காரர் சொன்னதை மூன்று பேர் திரும்பச் சொன்னால் அது மூன்று சான்று ஆகாது. ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதிய மூன்று படிகளும் அவ்வாறே.

பெயர் துணிந்ததனால் உறுப்பு நன்று என்பதும் ஆகாது. குழல் வளைவின்றி இருக்கின்றதா என்று தட்டையான கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்த்தலும், இணைப்புகளில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று தூய்மை செய்து காணலும் பின்னர்ச் செய்யத்தக்கன. சொந்தக் குழலே ஆயினும் வளைந்ததாயின் விலக்கத்தக்கதே.

நிற்க. எம் குழலுக்கு மீள்வோம். பின்கட்டில் தரையில் சாக்கு விரித்துப் பாட்டனார் வண்டியின் இடப்புறக் குழலையும் கடையில் வாங்கியதையும் அருகருகே வைத்து, அண்ணன் அளக்க யாம் எழுதினோம். பழைய குழலின் பருமன், பாலத்துள் மறைந்திருந்த இடத்தில், 34.92 மில்லிமீட்டர். வாங்கியது 35.00. பழையதன் மரை 26. வாங்கியதன் மரை 1 மில்லிமீட்டர் இடைவெளியது. நீளம் பழையதில் அங்குலப் பின்னமாக நிற்க, வாங்கியதில் மில்லிமீட்டர் முழு எண்ணாக நின்றது. தலைக்கூம்பில் மை விளிம்பு மட்டுமே அழிந்தது. பாலம் கவ்விய வளையத்தழும்பு ஒன்றும் இல்லை. முலாம் மட்டும் பளபளத்தது.

அண்ணன் நெடுநேரம் அக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இது வேறு வண்டியின் குழலும் அன்று. இந்தக் குழலைப் பார்த்து எவரோ லேத்தில் கடைந்த குழல். அங்குல மரை வெட்டும் பல்சக்கரம் இல்லாமையால் அருகில் உள்ள மரையை வெட்டிவிட்டார்’ என்றார். அவர் தாமும் லேத்தில் நிற்பவர் ஆதலின், அக்கை செய்த வேலையை அவர் இகழவில்லை. ‘வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது, அளவுதான் தவறு’ என்று மட்டும் சொன்னார்.

எமக்கோ ஏடெழுதுவோர் நினைவுக்கு வந்தனர். தாய்ச்சுவடியில் விளங்காத அருஞ்சொல்லைக் கண்டவிடத்து, தமக்குத் தெரிந்த எளிய சொல்லை அவ்விடத்தில் எழுதிச் சென்ற படியெடுப்போரும் தீய எண்ணத்தால் அது செய்தாரல்லர். ஆயினும் பாட்டுத் திரிந்தது. அப்பாடத்தை மூலம் என்று கொள்வார் பொருளில் வழுக்கி விழுவர். அக்குழல் இன்னார் கடைந்தது, இன்ன ஆண்டில் கடைந்தது என்பதற்கு எம்மிடம் சான்று யாதும் இல்லை. மில்லிமீட்டர் அளவிற் செய்த படி என்பதற்கு அப்பால் ஒரு சொல்லும் கூட்டலாகாது.

நண்பர்காள்! அறியாத பொருளுக்குப் பெயரிட்டுவிட்டால் மனம் அமைதி கொள்கின்றது. அவ்வமைதியே ஆராய்ச்சிக்குப் பகை. எம் அண்ணனாரின் கையில் அன்றிரவு நீண்ட ஸ்பானர் இருந்தது, வலிமையும் இருந்தது, விற்றவர் கொடுத்த பெயரும் இருந்தது. மூடி இறுகியவிடத்து நின்று ‘ஏன்?’ என்று கேட்டமையே அவரையும், பின்னிருக்கையில் அமரவிருந்த எம்மையும் காத்தது என்று எண்ணுகின்றோம்.

வாங்கிய குழலை அவர் எறியவில்லை, விற்கவும் இல்லை. அதன் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டி, ‘பெயர் அறியோம். மரை 1 மி.மீ. இவ்வண்டிக்குப் பொருத்தற்க’ என்று எம்மை எழுதச் சொன்னார். அளவுகளையும் கீழே எழுதினோம். பின்னர், பழைய வலக்குழலின் அளவையெல்லாம் குறித்துக்கொண்டு, 26 மரை வெட்டவல்ல லேத்துடைய பட்டறை ஒன்றைத் தேடிச் சென்றார். வண்டி இன்னும் பின்கட்டிலேதான் நிற்கின்றது. அடுத்த விடுமுறையில் அஃது ஓடும் என்பது எம் நம்பிக்கை.